இரண்டு காலும் நல்ல கால்

துர்க்கா என்றொரு பிள்ளை. நான் ஓய்வு பெற்று எழும்பிய கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் மத்தியானம் போன் எடுத்தாள்.

"அங்கிள், ஒரு மாவோரி சோல்ஜர். ப்ரோக்ராம் நோ ரெக்கோர்ட் எண்டு சொல்லுது. ஃபைலைக் குளோஸ் பண்ணட்டா?"

"என்ன குடுத்துத் தேடினீர்?"

"அவரின்ரை பேர்தான். வேற என்னத்தைக் குடுக்கிறது?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிள்ளையில் பிழை இல்லை. பெயரைக் கொடுத்ததும் ஆளைக் காட்டுகிற இயந்திரம் ஒன்றை அவளுடைய மேசையில் வைத்தவர்கள், அது கையை விரித்தால் என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் கொஞ்சம் கத்திவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "ஓகே அங்கிள், உதையெல்லாம் ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றாள்.

எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் என்றால் ஒரு பக்கம் போதும். ஆனால் எங்கள் சனத்தில் கனபேருக்கு நான் இவ்வளவு காலமும் என்ன வேலை பார்த்தேன் என்றே தெரியாது. றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டால், "இப்பவும் அந்த லைப்ரரி வேலைதானோ?" என்று கேட்கிறார்கள். லைப்ரரி இல்லை ஐயா. செத்துப்போன பட்டாளத்துக்காரர்களைத் தேடுகிற வேலை.

ரொறொன்ரோ நகர நடுவில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தனியார் நிறுவனம். "எங்கள் தாத்தா சண்டைக்குப் போனவர், எங்கே போனார், என்ன ஆனார்" என்று கேட்டு வருகிறவர்களுக்காக, அந்தந்த நாட்டு ஆவணக் காப்பகங்களுக்கு எழுதி, படைவீரரின் கோப்பை எடுப்பித்து, வாசித்து, விளக்கம் எழுதிக் கொடுப்போம். கனடாவில் எல்லா நாட்டுச் சனமும் இருப்பதால் எல்லா நாட்டுக் கோப்புகளும் வரும்.

நான் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரையும் போல முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை, தட்டுக் கழுவினேன். பிறகு பெட்டி அடுக்கினேன். பிறகு இந்த அலுவலகத்தில் பழைய காகிதங்களைப் படம் பிடிக்கிற வேலை கிடைத்தது. படம் பிடிக்கிறவன் வாசிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. வாசித்தேன். ஒருநாள் ஒரு கோப்பில் இரண்டு ஆட்களின் தாள்கள் கலந்திருப்பதைக் கண்டு சொன்னேன். அதற்குப் பிறகு என்னைத் தேடுகிற பகுதிக்கு மாற்றினார்கள்.

அங்கே எனக்கு நியூசிலாந்து மேசையைத் தந்தார்கள். முக்கியமாக மாவோரிகள், அதாவது அந்த நாட்டின் ஆதிக்குடி மக்கள். ஏன் எனக்கு என்று கேட்டேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரன் வெட்கமே இல்லாமல் சொன்னான்: "அவையின்ரை பேரெல்லாம் நீளம். உன்ரை பேரும் நீளம்." என் பெயர் திருநாவுக்கரசு. அன்றைக்கு அவனோடு நல்ல சண்டை. ஆனால் மேசையை விடவில்லை. எனக்கு நீளப் பெயர்கள் பயமில்லைதானே.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக மார்கரெட் என்ற அம்மா இருந்தார். மெல்லிய ஆள். சத்தம் வராது. நான் கத்துகிற ஆள். முதல் வாரமே மோதிக்கொண்டோம். நான் ஒரு அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கேட்டார்: "எப்படித் தெரியும்?" நான் விளக்கம் சொன்னேன். மறுபடியும், "எப்படித் தெரியும்?" எனக்குப் பொறுமை போய், கை காலெல்லாம் ஆட்டிக் கத்தினேன். அவர் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, நான் முடிக்கும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "முடிஞ்சுதா? மருத்துவத் தாளைப் பாரும்" என்றார். பார்த்தேன். நான் நீலக்கண் என்று எழுதியிருந்த ஆளுக்குக் கண் கறுப்பு. நான் இன்னொருவனுடைய வாழ்க்கையை இவனுக்கு எழுதியிருந்தேன்.

மார்கரெட் பாராட்ட மாட்டார். ஒரு அறிக்கை பிடித்திருந்தால் அதை மேசையின் இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்துவார். அவ்வளவுதான். அந்த நகர்த்தலுக்காக நாங்கள் தவம் கிடந்தோம்.

அவருடைய முறை ஒன்று இருந்தது. துர்க்கா, கவனமாக வாசியும், உமக்கு வேண்டியது இதுதான். கோப்பு வந்ததும் முதல் தாளில் பெயர் இருக்கிற இடத்தை ஒரு மட்டையால் மூட வேண்டும். பெயரைப் பார்க்கவே கூடாது. முதலில் மருத்துவத் தாள். உயரம், கண், தலைமயிர், பல், தழும்பு, கால், பாதம். அதையெல்லாம் ஒரு அரைத் தாளில் பென்சிலால் எழுத வேண்டும். அதற்கு நாங்கள் உடம்புத்தாள் என்று பெயர் வைத்திருந்தோம். வந்த குடும்பத்திடம் கேட்டு இன்னொரு உடம்புத்தாள். ஆள் நெட்டையா, கட்டையா, எங்கே அடிபட்டது, எந்தப் பல் இல்லை. இரண்டு உடம்பும் ஒன்றானால் மட்டும் மட்டையை எடுக்கலாம். மார்கரெட் சொல்லுவார்: "பெயர் ஆள் சொன்னது. உடம்பு டொக்டர் பார்த்தது."

இன்னொன்று. "இல்லை" என்று அறிக்கையில் எழுத விடமாட்டார். "இன்ன இடத்தில் தேடினேன், காணவில்லை" என்றுதான் எழுத வேண்டும். இல்லை என்று சொல்ல நாங்கள் யார்?

வருகிற ஆட்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேருக்குத் தாத்தா வேண்டாம், வீரன்தான் வேண்டும். றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு கட்டிய ஒருவர், தாய்வழி மாவோரி, பதக்கங்களை வைக்கக் கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். கோப்பைப் பார்த்தால் தாத்தா போர் முழுக்கச் சப்பாத்துத் தைத்திருக்கிறார். மனுசன் என்னைப் பார்த்துக் கத்தினார், நான்தான் தாத்தாவிடம் ஊசியைக் கொடுத்த மாதிரி.

"உங்கட தாத்தா தைச்ச சப்பாத்திலைதான் மற்றவை சண்டைக்கு நடந்தவை. வெறுங்காலோட போயிருப்பினமோ?" என்று நானும் கத்தினேன். மார்கரெட் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். போய்த் தன் மேசையில் என் அறிக்கையை வலப்பக்கத்துக்கு நகர்த்தினார் என்று பிறகு சொன்னார்கள்.

இனி மேரேயின் கதைக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் என்னை உலுக்கிய கோப்பு அதுதான்.

மேரே ஒரு மாவோரி அம்மா. ஓய்வு பெற்ற நேர்ஸ். கல்யாணம் கட்டிக் கனடா வந்து, கணவர் இறந்தபின் அஜக்ஸ் நகரில் தனியாக இருந்தார். எங்கள் வீட்டில் இருந்து காரில் கொஞ்சத் தூரம். அவரோடு நான் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்குள் அவர் எங்கள் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

மேரேயின் தாயுடைய அண்ணன், எங்கள் முறையில் தாய்மாமன், பெயர் ஹேமி. அவர்களுடைய ஊரில் ஒரு ஊர்க்கூடம் இருக்கிறது. செத்தவர்களின் படங்கள் அதன் சுவரில் தொங்கும். படம் என்றால் அவர்களுக்கு வெறும் படம் இல்லை, ஆளே அங்கே இருக்கிற மாதிரி. அந்தச் சுவரில் இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களுக்கு என்று ஒரு வரிசை. ஹேமியின் படம் அதில் இல்லை. வேறு எந்தச் சுவரிலும்கூட இல்லை.

"ஏன்?" என்றேன்.

"அவர் ஓடினவர் எண்டு ஊர் சொல்லுது. ஊர்ப் பெடியள் எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து ஒரே படையிலை போனவை. மாமா மட்டும் அந்தச் சமயத்திலை தெற்குப் பக்கம் வேலைக்கெண்டு போனவர், பிறகு ஆளே இல்லை. கடிதமும் இல்லை. அம்மா அந்தக் கூடத்துக்குள்ளை போனால் கதவடியிலைதான் இருப்பா. உள்ளுக்கு வரமாட்டா."

அந்தப் போருக்கு மாவோரிகளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. தாங்களாகப் போனார்கள். அதனால்தான் போகாதவன்மேல் அவ்வளவு கோபம்.

இப்போது கூடத்தைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். படங்களை எல்லாம் மறுபடி கொண்டுபோய் மாட்டுகிற விழா வரப்போகிறது. மேரே ஹேமியின் படத்தோடு போக விரும்பினார். ஊருக்கு மூத்தவர் டாமே மறித்துவிட்டார். டாமே ஹேமியின் பெரியப்பா மகன், அந்த வீட்டுப் பிள்ளைகளில் கடைசி, போர்க் காலத்தில் சின்னப் பெடியன். "போருக்குப் போனவன் எண்டதுக்குப் பேப்பர் கொண்டு வா. இல்லாட்டிப் படத்தைக் கொண்டு வராதை" என்றிருக்கிறார்.

மேரே இணையத்தில் தேடிப் பார்த்திருந்தார். பதிவு இல்லை என்று வந்தது. நானும் காப்பகத்துக்கு எழுதினேன். அந்தப் பெயரில், அந்த ஊரில், அந்தத் தாய் தகப்பனுக்குப் பிறந்த ஹேமி யாரும் சேரவில்லை என்று பதில் வந்தது.

உடம்புத்தாள் எழுதினோம். மேரே ஒரு படம் கொண்டுவந்திருந்தார். வேலியில் சாய்ந்து நிற்கிற பெடியன், சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிரிக்கிறான். வலது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு. "நிலத்திலை கிடங்கு வெட்டி, கல்லைச் சுடவைச்சுச் சமைக்கிறது எங்கட முறை. அந்தக் கல்லு பட்டது. அம்மாதான் விளையாட்டுக்குத் தள்ளிவிட்டவ. சாகும்வரைக்கும் சொல்லி அழுதவ" என்றார். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. உடம்பு கிடைத்துவிட்டது. ஆளைக் காணவில்லை.

"அப்ப அவருக்கு எத்தினை வயசு?" என்று கேட்டேன். கணக்குப் பார்த்தால் படையோடு கடல் கடந்து போகிற வயது ஆகவில்லை. பழி சொன்ன ஊர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு மூளை வேலை செய்ததற்குக் காரணம் படிப்பு இல்லை. நான் ரொறொன்ரோவுக்கு எப்படி வந்தேன்? என் ஒன்றுவிட்ட அண்ணன் சிவபாலனின் பாஸ்போட்டில் வந்தேன். அவனுக்குப் போக விருப்பமில்லை, எனக்குப் போகாமல் வழியில்லை. விமானத்தில் சாப்பாடு தந்த பெண் "மிஸ்டர் சிவபாலன்" என்று கூப்பிட, நான் அவன் எங்கே என்று பின்னுக்குத் திரும்பிப் பார்த்தேன். இறங்கியதும் உண்மைப் பெயரைச் சொல்லித்தான் அகதியாகப் பதிந்தேன். ஆனால் வானத்தில் இருந்த அவ்வளவு நேரமும் நான் சிவபாலன். எங்கள் சனத்தில் இப்படி வராத வீடு எது? போக வேண்டியவனுக்குப் பேப்பர் இல்லாவிட்டால், பேப்பர் இருக்கிறவன் வீட்டிலே நிற்பான்.

ஆகவே மேரேயிடம் கேட்டேன்: "உங்கட குடும்பத்திலை வயசு வந்த ஆம்பிளை ஆர் சண்டைக்குப் போகாமல் நிண்டது?"

"விரேமு. டாமே மாமாவின்ரை மூத்த அண்ணர். அவராலை ஏலாது, பிறவியிலை ஒரு கால் கட்டை. பட்டாளத்திலை எடுக்க மாட்டினம் எண்டு அழுதவராம்." திடீரென்று மேரே சிரித்தார். "அவரின்ரை கதை ஒண்டு இருக்கு. கேட்டால் சிரிப்பியள். ஒருநாள் தபால்காரன் தந்தி கொண்டு வந்து விரேமுவின்ரை தாயிட்டைக் குடுத்தானாம். உங்கட மகன் விரேமு இத்தாலியிலை காயம் எண்டு. அவ திரும்பிப் பார்த்தால் விரேமு பின்வளவிலை கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நிக்கிறார். தபால்காரனுக்கு விழுந்த ஏச்சு! இப்பவும் கலியாண வீட்டிலை சொல்லிச் சிரிப்பம்."

நான் சிரிக்கவில்லை.

"விரேமு என்ன சொன்னவராம்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லேல்லையாம். கோழிக்குத் தீன் போட்டவராம். பிறகு கொஞ்ச நாளிலை அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கையே..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். கையால் வாயைப் பொத்தினார். மூன்று தலைமுறையாகச் சிரித்த பகிடி, என் மேசைக்கு முன்னால் வேறொன்றாக மாறியது.

ஓடிப்போய் மார்கரெட்டிடம் சொன்னேன். "எப்படித் தெரியும்?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப விரேமுவின்ரை கோப்பை எடும்" என்றார்.

அது வரக் கிழமைக்கணக்கில் எடுத்தது. மேரேயின் விமான நாள் கிட்டிக்கொண்டு வந்தது. தினமும் போன் எடுப்பார். "வந்துதா?" "வரேல்லை." "வந்துதா?" "நான் என்ன கோழியே, நீங்கள் கேட்ட உடனை முட்டை போட" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். மேரே விடவில்லை: "நேர்ஸாய் இருக்கேக்கை உங்களை மாதிரி நோயாளியளைக் கனபேரைக் கண்டனான். அவைக்குப் பெரிய ஊசிதான் போடுறனான்."

கோப்பு வந்தது. மட்டையால் பெயரை மூடினேன். வலது முன்கை, தீக்காயத் தழும்பு, நீளமானது. மேல் முன்பல் உடைந்தது. அதற்குக் கீழே பாதங்களும் கால்களும்: இரண்டும் நல்ல நிலை, குறையில்லை. சேர்ந்த இடம் தெற்குப் பக்கத்து ஒரு பட்டணம், ஊர்ப் பெடியள் இருந்த படை இல்லை. இத்தாலியில் மலைப்பாதையில் லொறி ஓட்டியிருக்கிறான். தோளில் காயம். ஆஸ்பத்திரி. திரும்பவும் லொறி. போர் முடிய இங்கிலாந்துக்குப் போய், அங்கேயே படையில் இருந்து விலகல் கேட்டு, கப்பல் ஒன்றில் வேலைக்குப் போகிறான். அதோடு கோப்பு முடிகிறது. அதற்கப்பால் நான் தேடினேன், காணவில்லை. நெருங்கிய உறவு என்ற இடத்தில் விரேமுவின் தாயின் பெயர். விரேமுவாகப் போகிறவன் வேறு யாரைப் போடுவது?

மார்கரெட் இரண்டு உடம்புத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். வலப்பக்கத்துக்கு நகர்த்தினார். நகர்த்திய கையை எடுக்காமல், "நீர் நேரிலை கொண்டுபோய்க் குடும்" என்றார். மேரேக்கு அப்போது இடுப்பில் ஒப்பரேசன் நடந்திருந்தது, நகரத்துக்கு வர ஏலாது. ஆகவே சனிக்கிழமை என் வீட்டில் என்று முடிவாயிற்று. ஒப்பிடத் தந்த படமும் என்னிடம் இருந்தது, அதையும் கொண்டுவந்தேன்.

என் மனைவி சாந்திக்கு வெள்ளி பின்னேரமே முழுக்கதையும் சொன்னேன். சனிக்கிழமை மேரேயைக் காரில் கூட்டிவரப் போனேன், வரும் வழியிலேயே கோப்பில் இருந்ததை அவருக்குச் சொன்னேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஹோலில் சின்ன மேசைமேல் ஹேமியின் படம். அதற்குப் பூ. ஒரு விளக்கு. முன்னால் வாழையிலைத் துண்டில் சோறு, கோழிக்கறி, கட்லட், வடை, ஒரு கோப்பை பால் தேத்தண்ணி. எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைக்கிற மாதிரி, குறையில்லாமல்.

மேரே பொல்லை ஊன்றிக்கொண்டு போய்ப் படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்தார். "ஆர் செய்தது?"

"நான்தான்" என்றாள் சாந்தி, முகமெல்லாம் சிரிப்போடு. "இருங்கோ, உங்களுக்கும் போடுறன்."

"சாப்பாட்டை இவருக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறியள்."

"ஓம், அவருக்குத்தானே."

"எங்களுக்கு அது கூடாது. செத்தவையும் சாப்பாடும் ஒரு இடத்திலை இருக்கவே கூடாது. படம் இருக்கிற அறையிலை ஒரு பிஸ்கட் கூடச் சாப்பிட மாட்டம். இதை நான் இனி எப்பிடிக் கூடத்துக்குள்ளை கொண்டுபோறது?"

சாந்திக்கு முகம் விழுந்துவிட்டது. "சோறு வைச்சது குற்றமோ? காலமை நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சனான்" என்று என்னிடம் திரும்பினாள். "நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" எனக்கே தெரியாததை நான் எங்கே சொல்ல. இவ்வளவு வருடம் இந்த மக்களின் கோப்புகளை வாசித்திருக்கிறேன். எந்தத் தாளிலும் அது இல்லை.

"டாமே மாமாவுக்குச் சொல்லாமல் விட ஏலாது. சொன்னால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவார்" என்றார் மேரே. அங்கே மறுநாள் காலை. போனை எடுத்தார், எங்களுக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். படத்துக்குச் சோறு வைத்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு ஒரு கரகரத்த கிழட்டுக் குரல்:

"சாப்பாடு வைச்ச மனுசி அங்கை நிக்கிறாவோ?"

"நிக்கிறன்" என்றாள் சாந்தி.

"ஏன் வைச்சனீங்கள்?"

"சின்னப் பெடியன். வேற ஆளின்ரை பேரிலை போனவன். அவன்ரை நாளெண்டு ஒருத்தரும் ஒண்டும் வைச்சிருக்க மாட்டினம். பசியோட நிப்பான் எண்டு நினைச்சன்."

நான் மேரேயைப் பார்த்தேன், அவர் படத்தைப் பார்த்தார். பிறகு டாமே, சரி, எல்லாரும் எழும்புங்கோ என்றார். தங்கள் மொழியில் நீளமாக ஒரு பிரார்த்தனை சொன்னார். தண்ணீர் எடுத்துத் தெளிக்கச் சொன்னார், கை கழுவச் சொன்னார். "இப்ப அந்தச் சாப்பாட்டைக் குசினிக்குக் கொண்டு போய் எல்லாரும் சாப்பிடுங்கோ. மிச்சம் விடக் கூடாது. படம் ஹோலிலையே இருக்கட்டும். என்ன கறி?"

"கோழி" என்றாள் சாந்தி.

"எனக்கு இனி நாள் முழுக்க அந்த யோசினைதான்" என்றார் கிழவர். சாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அது பாதிதான். அடுத்து குரல் மாறியது. "வேற ஆளின்ரை பேர் எண்டு சொன்னா. ஆரின்ரை பேர்?"

மேரே என்னைக் காட்டினார். நான் அலங்காரம் தெரியாத ஆள். "உங்கட அண்ணர் விரேமுவின்ரை" என்றேன்.

கிழவர் கொதித்தார். "என்ரை அண்ணனுக்குக் கால் ஏலாது. கால் ஏலாத அவன் போகக் கேட்டு அழுதவன். இரண்டு காலும் நல்லா இருந்த ஹேமி ஓடினவன். இப்ப என்ரை அண்ணன்ரை பேரையும் அவனுக்குக் குடுக்கச் சொல்லுறியளோ? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு என்னைப் பழக்கித்தான் வைத்திருந்தார்கள். கோப்பைத் திறந்து மருத்துவத் தாளை மட்டும் வாசித்தேன். தழும்பு. பல். பிறகு, "கால்கள்: இரண்டும் நல்ல நிலை, குறையில்லை. விரேமு எண்ட பேரிலை போன ஆளைப் பார்த்து டொக்டர் எழுதினது இது" என்றேன்.

"இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன்.

"அண்ணன்ரை காலை எனக்குத் தெரியும்" என்றார் கிழவர். "சின்னனிலை அவனுக்குப் பின்னாலை அவனை மாதிரியே நொண்டி நொண்டி நடப்பன். அம்மா பிடிச்சு அடிப்பா." பிறகு தந்திக் கதைக்கு வந்தார். "அந்தத் தந்தி வந்த நாள் நானும் வளவிலை நிண்டனான். எல்லாரும் சிரிச்சவை. அவன் கோழிக் கூட்டுக்குப் பின்னாலை போய் நிண்டு அழுதவன். ஏன் அழுறாய் எண்டு கேட்டன். தூசி எண்டவன்." பிறகு, எங்கள் எல்லோரையும் திடுக்கிட வைத்தபடி, ஒரு பெரிய சிரிப்பு. "அவன் போயிருக்கிறான்! என்ரை அண்ணன் போயிருக்கிறான்! காலை மட்டும் வீட்டிலை விட்டிட்டுப் போயிருக்கிறான்! மேரே, கொண்டு வா பிள்ளை ஹேமியை."

குசினியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டோம். மேரே வடையை மட்டும் நாலு சாப்பிட்டார்.

விழா நாள் எங்கள் வீட்டுக்கு போன் வந்தது. வீடியோவில் மேரே. பின்னால் செதுக்கிய மரத்தூண்கள், சனம், குழந்தைகளின் இரைச்சல். ஹேமியின் படம் மாட்டியாயிற்று, போருக்குப் போனவர்களின் வரிசையில். அதற்குப் பக்கத்தில் விரேமுவின் படம். டாமே அதையும் பழைய சுவரில் இருந்து கொண்டுவந்து அங்கே மாட்டுவித்தாராம். யாரும் மறுக்கவில்லையாம்.

"இப்ப என்ன நடக்குது?" என்றேன். யாரோ கத்திக்கொண்டு இருந்தார்கள்.

"ஏச்சு நடக்குது" என்றார் மேரே. "எங்கட முறை அது. செத்தவையோட நேரை கதைப்பம். காலமை தொடங்கினது. ஒவ்வொருத்தரா எழும்பி மாமாவை ஏசுகினம். ஏன் ஒரு கடிதம் போடேல்லை, ஏன் தாயை அழவிட்டனீ எண்டு. டாமே மாமாதான் கனநேரம் ஏசினவர். ஏசி முடிச்சு, நாங்கள் ஆளை வரவேற்கிற மாதிரிப் படத்தோட மூக்கை வைச்சு அழுதார்."

அப்போது டாமே போனை வாங்கினார். முதல் தடவை முகத்தைப் பார்த்தேன். பல்லில்லாத, குறும்பான முகம். "நீங்கள்தான் அவனைத் தேடிக் களைச்சது. உங்களுக்கும் ஒரு முறை இருக்கு. ஏசுங்கோ" என்று சொல்லி, போனைப் படத்துக்கு முன்னால் பிடித்தார்.

வேலியில் சாய்ந்து நிற்கிற பெடியன், சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிரிக்கிறான். என்னைவிட எவ்வளவோ இளையவன்.

எனக்கு அந்த நேரம் ஆங்கிலம் வரவில்லை.

"டேய் தம்பி" என்றேன். "சண்டை முடிஞ்ச பிறகாவது ஒரு தபாலட்டை போட்டிருக்கக் கூடாதோ? ஆரின்ரை பேரிலை எண்டாலும் போட்டிருக்கலாமே. உன்ரை அம்மா பாத்துக்கொண்டு இருந்தவ. தங்கச்சி கதவடியிலை இருந்தே செத்துப்போனாள். லொறி ஓட்டத் தெரிஞ்ச உனக்கு வீட்டை வர வழி தெரியேல்லையோ, விசரா?"

அங்கே எல்லோரும் போனைச் சுற்றிக் கூடினார்கள். ஒரு பொம்பிளை, "என்னவாம் சொல்லுறார்?" என்று கேட்டாள்.

மேரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தெரியேல்லை. ஆனா சரியாத்தான் சொல்லுறார்."